படர்தாமரைக்கு இரண்டு பக்கம்

பேருக்குத்தான் தாமரை.
சங்கிலிமுத்துவின் இடுப்பில் அது
பெல்ட் அழுத்தும் இடமாகப் பார்த்துப் பூத்திருந்தது.
ஓரம் சிவந்து, நடு வெளுத்து,
இடமும் வலமும் ஒரே அளவில்,
யாரோ வட்டமானி வைத்து வரைந்ததுபோல.

பாடாங் செராய் கிளினிக்கில்
கண்ணாடித் தகடும் மழுங்கிய கத்தியும் என் பிழைப்பு.
சுரண்டினேன். செதில் உதிர்ந்தது.
காரநீரில் ஊறவிட்டு
லென்ஸுக்குக் கீழே வைத்தால்
கிளை பிரிந்து கிளை பிரிந்து பூஞ்சை இழைகள்,
மழை விட்ட செம்பனைக் காட்டுக்குள்
லோரித் தடங்கள் போல.
"நீங்களே பாருங்க" என்றேன்.
ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.
"இவ்வளவு பேரு குடியிருக்கானுங்க,
ஒருத்தன் வாடகை தரல மிஸ்ஸி."

முதலில் பூசியது பசார் மாலாம் களிம்பு.
மூன்று ரிங்கிட்.
இரண்டே நாளில் அரிப்பு அடங்கியது,
ஐந்தாம் வாரம் முதுகேறியது.
அந்தக் களிம்பு தோலைத்தான் தூங்கவைக்கும்.
காவல்காரனுக்கு மயக்கமருந்து கொடுத்துவிட்டுக்
கதவைத் திறந்துவைத்த கதை.

அப்புறம்தான் வண்டுகொல்லி.
சீமையகத்தி என்றாலும் அதுதான்,
மலாய்க்காரர் சொல்லும் கெலெங்காங்கும் அதுதான்.
கிளினிக்குக்குப் பின்னால் சாக்கடையோரம்
மஞ்சள் மெழுகுவத்திகளை ஏந்திக்கொண்டு
யாரும் கேளாமல் நிற்கிறது.
"அரைச்சுப் பூசினா எரியுது.
எரிஞ்சா வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்?"
மிளகாயும்தான் எரியும், என்றேன்.
அவர் முகம் சுருங்கியது.
அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்.

அன்று இரவு உட்கார்ந்து படித்தேன்.
ஆய்வுக்கூடத் தட்டில்
இலைச்சாறு பட்ட இடத்தில் பூஞ்சை பின்வாங்கியதாம்.
நம்புகிறேன்.
ஆனால் தட்டுக்கு வியர்க்காது.
தட்டு ரப்பர் பூட்ஸ் போடாது,
குலை ஏற்றிய லோரியைப் பத்து மணி நேரம் ஓட்டிவிட்டு
ஈரக் காற்சட்டையோடு ஒட்டுக்கடையில் தேநீர் குடிக்காது.
மனிதத் தோலில் பார்த்தவை சின்னச் சின்ன ஆய்வுகள்.
சிலவற்றில் ஒப்பிட்டுப் பார்க்க எதிரணியே இல்லை.
ஆமாம் என்று சொல்லவும் போதாது,
இல்லை என்று அடித்துப் பேசவும் போதாது.

டாக்டர் வெள்ளைக் களிம்பு எழுதினார்.
"முதுகுக்கும் வலப்பக்கத்துக்கும் இது.
இடப்பக்கம் என் இலை. நாலு வாரம், பந்தயம்!"
சங்கிலிமுத்துதான் சொன்னார்.
நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.
தாளில் கோடு கிழித்து
இரண்டு பத்தி பிரித்துக்கொண்டேன்.

நாலாம் வாரம்
இரண்டு பக்கமும் ஆறியிருந்தது.
பழுப்பாய் ஒரு தடம், அவ்வளவுதான்.
சாக்கடையோரச் செடியை எட்டிப் பார்த்தேன்,
ஒரு நிமிடம் நாங்கள் இரண்டு பேரும் பெரிய ஆட்கள்.

துருவிக் கேட்டால்,
களிம்புப் பக்கம் முந்துவது பொறுக்காமல்
இரண்டாம் வாரமே
இடப்பக்கமும் களிம்பைத் தேய்த்திருக்கிறார்.
வலப்பக்கம்?
"அதுக்கும் கொஞ்சம் இலை. ஓரவஞ்சனை பண்ணக்கூடாதில்ல."

கூட வந்த சிலம்பாயி அதுவரை வாய் திறக்கவில்லை.
சோப்பில் ஊறி வெளுத்த விரல்களை
மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்:
பெல்ட்டைத் தூக்கிப் போட்டாச்சு.
கைலி, துண்டு, உள்துணி தினமும் கொதிநீரில்.
அவருக்குத் தனித் துண்டு, தனிப் பாய்.
ஈரத்தோடு வந்தால் வாசலிலேயே மாற்றிவிட்டுத்தான் சோறு.
எழுத எடுத்த என் தாளில்
அதற்குப் பத்தி இல்லை.

பதிவேட்டில் 'குணம்' என்று போட்டேன்.
அடுத்த கட்டத்தின் தலைப்பு 'காரணம்'.
பேனா அங்கே நின்றது.
கூரைத் தகரத்தில் முதல் துளிகள் விழுந்தன.
"ஐயோ, கொடியில துணி!" என்று
சிலம்பாயி எழுந்து ஓடினாள்.